15,000 ரூபாய்க்குள் செகண்ட் ஹாண்ட் பவர் ஆம்ப்: எதை எடுப்பது?

9 செப்டம்பர் 2023

நேரே விஷயம். வீட்டில் இருப்பது பழைய ஜப்பான் இண்டகிரேட்டட் ஆம்ப் (முன்பகுதியும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில்). இடது பக்கம் செத்து ஒரு மாதம் ஆகிறது. உள்ளே பவரைத் தருவது எஸ்டிகே என்ற ஐசி. அது இப்போது தயாரிப்பில் இல்லை, கடையில் நம் கையில் வந்து சேருவது பெரும்பாலும் டூப்ளிகேட். இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. முதலாவது பதினோரு நாள் ஓடியது. இரண்டாவது ஒரே ஒரு சாயங்காலம்.

ஆனால் பின்பக்கம் ப்ரீ-அவுட் இருக்கிறது, முன்பகுதியின் சிக்னலை வெளியே எடுக்கும் முனை. அதனால் வால்யூம், செலக்டர் இருக்கும் முன்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, பவர் ஆம்ப் மட்டும் பழையதாக ஒன்று வாங்கிச் சேர்க்கலாம் என்று யோசனை.

ஸ்பீக்கர் 86 டெசிபல், 6 ஓம். அறை 12க்கு 14 அடி, மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். ஊர் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி; கடல் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. கேட்பது பழைய சினிமாப் பாட்டு, நாகஸ்வரம், கொஞ்சம் பியானோ.

என் கணக்கில் பக்கத்துக்கு 100 வாட்ஸ் இல்லாமல் வாங்கிப் பிரயோஜனமே இல்லை. கையில் 15,000 இருக்கிறது. பட்டறிந்தவர்கள் சொல்லுங்கள்.

10 செப்டம்பர்

அதற்குள் மூன்று பேர் ஒரே கேள்வி: புதிதாகச் சின்ன கிளாஸ்-டி ஆம்ப் பெட்டி வாங்கினால் என்ன? டிபிஏ3255 சிப் போட்டது இந்த விலைக்குள் வருமே?

வரும். நல்ல பெட்டிதான். 315 வாட்ஸ் என்று போட்டிருப்பது 4 ஓமில், 10 சதவீத டிஸ்டார்ஷனோடு (ஒலிச் சிதைவோடு) என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இருந்தாலும் நம் அறைக்குத் தாராளம். எனக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. உள்ளே எல்லாம் கடுகு சைஸ் சாமான். போனால் முழு போர்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான். டிரான்ஸ்ஃபார்மர், டிரான்சிஸ்டர், சால்டரிங் அயர்ன் என்று கண்ணுக்குத் தெரிகிற ஜாதி வேண்டும் எனக்கு. வயசான பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

14 செப்டம்பர்

100 வாட்ஸ் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

நேற்று ராத்திரி உயிரோடு இருக்கும் வலது பக்கத்து ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பார்த்தேன். வழக்கமாக நான் கேட்கிற சத்தத்தில் முள் ஒரு வோல்ட்டைத் தொடவே இல்லை. ஒரு வோல்ட், 6 ஓம்: ஒரு வாட்டில் ஆறில் ஒரு பங்கு! அதற்கே உள்ளறையிலிருந்து அம்மா கதவைச் சாத்துகிறாள்.

பாட்டில் திடீரென்று தவில் விழும் இடம் சராசரியைவிட 20 டெசிபல் மேலே போகலாம். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு பவர், அதாவது ஏறக்குறைய 17 வாட்ஸ். ஆக 40, 50 வாட்ஸ் உண்மையாக இருந்தால் எனக்குப் போதும். 50க்கும் 100க்கும் இடையில் வெறும் 3 டெசிபல்தான். காது அதைக் கவனிக்கும், ஆனால் பர்ஸ் ரொம்ப அதிகமாகக் கவனிக்கும்.

‘உண்மையாக இருந்தால்’ என்பதுதான் விஷயம். திருவிழாக் கடையில் விற்கும் பெட்டிகளில் பி.எம்.பி.ஓ. (கண நேர உச்ச பவர் என்ற விளம்பரக் கணக்கு) 2000 வாட்ஸ் என்று எழுதியிருப்பார்கள். பின்னால் திருப்பினால் ஃப்யூஸ் ஒரு ஆம்பியர். 230 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் என்றால் சுவரிலிருந்து உள்ளே போவதே 230 வாட்ஸ். மீதியை மண்டைக்காட்டம்மன் தருவாளா?

17 செப்டம்பர், ஞாயிறு

‘சவுண்ட் செட் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், பவர் ஆம்ப் சல்லிசாகக் கிடைக்கும்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். கேட்க வெளியே போக வேண்டாம், அக்காள் வீட்டு அத்தானே இருபது வருஷமாக மைக் செட் நடத்துகிறார். அவரிடம் இரண்டு ஜாதி உண்டு.

ஒன்று, கோவில் மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கருக்கான அஹுஜா கம்பெனி ஆம்ப். அதில் 100 வோல்ட் லைன் என்று ஒரு முனை இருக்கும். நீளமான வயரில் பத்துப் பதினைந்து குழாயை ஓட்டுவதற்கான ஏற்பாடு அது, ஒவ்வொரு குழாயிலும் தனியாக ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. வீட்டு ஸ்பீக்கரைத் தெரியாமல் அந்த முனையில் மாட்டினால் ஸ்பீக்கருக்குப் பால் ஊற்ற வேண்டியதுதான். பேச்சு தெளிவாகக் கேட்பதற்கென்றே செய்த சாமான், அந்த வேலையில் கெட்டி. இரண்டு பக்கம் பிரித்துப் பாட்டுக் கேட்க நினைப்பது அதன் தப்பு இல்லை, நம் தப்பு.

மற்றது ரேக்கில் போடும் இரண்டு சானல் பவர் ஆம்ப். இதைத் தூக்கிக்கொண்டு வந்தோம். இன்புட் எக்ஸ்எல்ஆர், மைக் வயரில் வரும் மூன்று பின் சொருகி. என் வீட்டு ஆம்பின் ஆர்சிஏ முனையிலிருந்து அதற்குப் போக ஒரு கேபிள் அத்தானே சால்டர் பண்ணினார்: 1 தரை, 2 சிக்னல், 3ஐ 1உடன் சேர்த்துக் கட்ட வேண்டும், தொங்க விடக் கூடாது.

பாட்டு நன்றாகவே இருந்தது. பொய் சொல்லக் கூடாது, பேஸ் அப்படி ஒரு பிடி. ஆனால் ஃபேன்! பாட்டு நிற்கும் இடத்திலெல்லாம் அது பாடுகிறது. பியானோ ஒரு நோட்டை வைத்துவிட்டு அடங்கும்போது பின்னால் மாவு மில் ஓடுகிறது. ‘மெதுவா ஓடுகிற ஃபேன் மாத்தித் தாரேன்’ என்றார் அத்தான். திருவிழாச் சீசனில் சூடேறி நின்றால் யார் பதில் சொல்வது? வேண்டாம் என்றுவிட்டேன்.

18 செப்டம்பர்

அம்மாவின் தீர்ப்பு: ‘பழைய மாதிரி ஒரு பக்கம் மட்டும் பாடினா போதும்.’

1 அக்டோபர்

மூன்று ஞாயிறாக அலைச்சல்.

மார்த்தாண்டத்தில் ஒரு வீட்டில் அசெம்பிள் பண்ணின ஆம்ப், 5200-1943 ஜோடி டிரான்சிஸ்டர், பக்கத்துக்கு நான்கு. ஹீட்சிங்க் பார்க்க அருமை. தூக்கிப் பார்த்தேன், ஒரு கையில் வந்துவிட்டது. எட்டு டிரான்சிஸ்டருக்கு அந்த டிரான்ஸ்ஃபார்மர் நாலாள் வேலைக்கு ஒரு ஆள் சோறு போட்ட கணக்கு. போதாததற்குச் சுற்றியிருப்பது அலுமினியம் வயர், செம்பு இல்லை. 5200, 1943 இரண்டும் தோஷிபாவின் நல்ல நம்பர்கள்தான், ஆனால் டூப்ளிகேட் அதிகமாக வருவதும் இதே நம்பர்களில்தான். விட்டுவிட்டேன்.

குலசேகரத்தில் ஒன்று. ரப்பர் தோட்டத்து வீடு. ‘பத்து வருஷமா தொடவே இல்லை, புதுசு மாதிரி’ என்றார் வீட்டுக்காரர். மூடியைத் திறந்தால் பல்லி முட்டை ஆறு, கருகின பல்லி ஒன்று. பவர் சப்ளை போர்டில் இரண்டு டிராக்குக்குக் குறுக்கே படுத்திருந்தது. தொடாமல் வைத்திருப்பது ஒரு தகுதி என்று இதுவரை நினைத்திருந்தேன். இப்போது இல்லை. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் (கரண்டைச் சேர்த்து வைக்கும் டப்பா) பேசாமல் கிடந்தாலும் கெடும்; நம் ஊரில் இரண்டு பருவ மழையும் உண்டு, பெட்டி காய்வதற்கு நேரமே கிடையாது.

மூன்றாவது குளச்சலில். கடற்கரை வீடு. எழுதவே வேண்டாம். ஸ்க்ரூ தலையெல்லாம் பச்சையும் சிவப்புமாகப் பூத்திருந்தது.

3 அக்டோபர்

பார்க்கப் போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டவருக்கு: ஸ்க்ரூ டிரைவர், டார்ச், மல்டிமீட்டர், போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு பழைய ஸ்பீக்கர், அப்புறம் ஒரு சீரிஸ் பல்ப் போர்டு. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். 100 வாட்ஸ் குண்டு பல்பை ஆம்புக்குப் போகும் லைனில் சீரிஸாக மாட்டி ஆன் பண்ண வேண்டும், ஸ்பீக்கர் மாட்டாமல். பல்ப் பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். ஆஃப் பண்ணிவிட்டு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வரலாம். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. குண்டு பல்ப் தேடித்தான் வாங்க வேண்டும், நான் திங்கள்சந்தையில் ஒரு பழைய கடையில் வாங்கினேன்.

பிறகு, பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கரண்ட் கொடுத்து, ஸ்பீக்கர் முனையில் டிசி மில்லிவோல்ட் அளக்க வேண்டும். 50க்குள் இருந்தால் பயப்பட வேண்டாம். வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரைப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். ஃப்யூஸை உருவிப் பார்க்க மறக்க வேண்டாம். ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் வயர் இழை சுற்றியிருந்தால் அந்த ஆம்ப் என்ன சொல்ல வருகிறது என்று உங்களுக்கே புரியும்.

15 அக்டோபர்

கிடைத்த மாதிரிதான்.

திங்கள்சந்தை பக்கம், சவூதியில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர் வீடு. 90களின் தொடக்கத்தில் வாங்கிக் கொண்டுவந்த ஜப்பான் பவர் ஆம்ப், பக்கத்துக்கு 60 வாட்ஸ், ஃபேன் கிடையாது. கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரம் எல்லாரும் விலையை ஏற்றிவிடுவார்கள். தூக்கினேன், முதுகு பிடித்தது. திருப்தியாக இருந்தது.

பிளக்கை எடுத்துச் சொருகப் போனேன். கூட வந்த அத்தான் கையைப் பிடித்தார். ‘பின்னால பாத்தியா?’ பின்னால் ஒரு வோல்டேஜ் செலக்டர்: 110, 127, 220, 240. அம்புக்குறி 127இல் நிற்கிறது. அந்தக் காலத்தில் சவூதியில் 127 வோல்ட்டும் உண்டு, 220 வோல்ட்டும் உண்டு. நம் 230ஐ அதில் கொடுத்திருந்தால் சீரிஸ் பல்ப் இருந்ததால் பிழைத்திருக்கலாம், இல்லாவிட்டால் அன்றைக்கே அடக்கம். ஊருக்கு வந்த பிறகு ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டியிருக்கிறார், அது பரணில் இருக்கிறதாம்.

கல்ஃப் சாமான் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சவூதியில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ். லேபிளில் 50/60 என்று இருந்தால் பிரச்சினை இல்லை. வெறும் 60 என்று இருந்தால் நம் 50இல் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும். இதில் 50/60 இருந்தது. செலக்டரை 240இல் வைத்தோம், ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் வீட்டில் 245கூட வரும்.

பல்ப் மங்கியது. மூன்று நொடியில் ரிலே (ஸ்பீக்கரை ஆம்போடு இணைக்கும் சுவிட்ச்) ‘டக்’. டிசி ஒரு பக்கம் 18 மில்லிவோல்ட், மறுபக்கம் 31. கேட்டது 14,000. பேசி 11,500. அவர் வீட்டம்மா ஏத்தங்காய் சிப்ஸும் தந்தார்கள்.

16 அக்டோபர்

ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஓடுகிறது. ராத்திரி ஒன்றரை மணி.

22 அக்டோபர்

மெல்லிய சத்தத்தில் வலது பக்கம் காணாமல் போகிறது. வால்யூமை ஏற்றினால் ‘கரக்’ என்று வந்துவிடுகிறது. குறைத்தாலும் கொஞ்ச நேரம் நிற்கிறது. டிரான்சிஸ்டர் போய்விட்டது என்று பயந்து கோட்டாறு பக்கம் இருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டு போனேன். ஆன் பண்ணக்கூட இல்லை, நான் சொன்னதை வைத்தே, ‘ரிலே காண்டாக்ட் கறுத்திருக்கும் மக்கா’ என்றார். மெல்லிய கரண்ட் அந்தக் கறுப்பைத் தாண்டாது, பெரிய கரண்ட் குத்திக்கொண்டு போய்விடும். உப்புக் காற்று ஊர்களில் இதுதான் அவரிடம் அதிகமாக வரும் கேஸ்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதாதா என்றேன். காண்டாக்டின் மேல்பூச்சு போய்விடும், மூன்று மாதத்தில் திரும்ப வருவாய் என்றார். புதிய 24 வோல்ட் ரிலே போட்டார். கரண்ட் வயரும் (பவர் கார்டு) வெடித்திருந்தது, அதையும் மாற்றி த்ரீ-பின் போட்டு, பாடியை எர்த் பண்ணினார். (இந்த வரியை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.)

5 நவம்பர்

ஹம். இரண்டு பக்கமும். பாட்டு நின்றால் கேட்கிறது, ‘ம்ம்ம்’ என்று. வால்யூமைக் குறைத்தால் குறைவதும் இல்லை. முப்பது வருஷக் கெப்பாசிட்டர் வறண்டுவிட்டது, வேறென்ன.

6 நவம்பர்

இன்புட் கேபிளைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டவருக்கு: பார்க்கிறேன். ரேக்குக்குப் பின்னால் கை போகவில்லை.

11 நவம்பர்

கோட்டாறு. பெஞ்சில் வைத்தார். ஹம் இல்லை.

‘மக்கா, உனக்க வீட்டில கேட்டது ஐம்பதா நூறா?’

சத்தம் என்றால் சத்தம்தான் அண்ணே என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். பிரிட்ஜ் ரெக்டிஃபையர் தாண்டி வருவது நூறு ஹெர்ட்ஸ். கெப்பாசிட்டர் வறண்டால் அதுதான் கேட்கும். வயரிங்கில், எர்த்தில் கோளாறு என்றால் ஐம்பது. பிள்ளையின் கீபோர்டில் கீழ் ஜி கட்டை 98, ஏறக்குறைய நூறு. ஹம் அதோடு ஒட்டிப் போகிறதா, ஒரு ஸ்தாயி கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா, இப்போ ஒண்ணும் மாத்தாண்டாம் கேட்டியா என்றார்.

நான் கேட்கவில்லை. முப்பது வருஷம் ஆகிவிட்டது, எப்படியும் மாற்ற வேண்டியதுதானே என்று பிடிவாதம். 10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட், இரண்டு. சென்னையிலிருந்து கூரியரில் வரவழைக்க 2,200 ஆனது. பழையதைக் கழற்றும் முன் ஒரு பல்பை மாட்டி அவர் கரண்டை இறக்கியதைப் பார்த்தேன். அணைத்துப் பத்து நிமிஷம் கழித்தும் ஒரு மினுக்கு மினுக்கியது. வீட்டில் தானே செய்கிறவர்கள் இதைத் தாண்டிப் போக வேண்டாம்.

26 நவம்பர்

கெப்பாசிட்டர் மாற்றியாயிற்று. ஹம் அப்படியே இருக்கிறது.

மெக்கானிக் அண்ணனிடம் சொல்ல வெட்கம். அத்தானிடம் சொல்லலாம் என்றால் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா தொடங்கிவிட்டது. டிசம்பர் 3 வரை அவர் ஃபோனை எடுக்க மாட்டார்.

10 டிசம்பர்

ஹம்மோடு வாழப் பழகிவிட்டேன். நாகஸ்வரத்துக்கு ஒத்து மாதிரி இருக்கிறது என்று அக்காள் சொல்கிறாள். சுருதிதான் சேரவில்லை.

21 டிசம்பர்

17, 18 மழை தெரிந்திருக்கும். தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. ஆம்பை முதல் நாளே பிளக் உருவி மேசை மேல் ஏற்றி, போர்வை போர்த்தி வைத்திருந்தேன். கரண்ட் வந்தும் இரண்டு நாள் கழித்து, ஈரம் காய்ந்த பிறகு, நேற்றுத்தான் சீரிஸ் பல்ப் வழியாக மெதுவாக எழுப்பினேன்.

ஹம் இல்லை.

காதை ஸ்பீக்கரில் ஒட்டினேன். சுத்தமாக இல்லை. மழைக்குப் பயந்து ஓடிவிட்டது போல.

24 டிசம்பர்

திரும்ப வந்துவிட்டது. எப்போது? மத்தியானம் மூன்று மணிக்கு. மூன்று மணிக்கு என்ன நடந்தது? கேபிள் டிவிக்காரத் தம்பி வந்து அறுந்த லைனைக் கட்டிவிட்டுப் போனான்.

செட்-டாப் பாக்ஸின் பின்னால் இருக்கும் கேபிள் திருகைக் கழற்றினேன். அமைதி. மாட்டினேன். ம்ம்ம். கழற்றினேன். அமைதி. கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள்.

தெருவிலிருந்து வரும் அந்த வயருக்கு எங்கோ ஒரு தரை. டிவியிலிருந்து என் பழைய இண்டகிரேட்டடுக்கு ஆடியோ வயர் போகிறது. அதிலிருந்து பவர் ஆம்ப். பவர் ஆம்புக்கு அக்டோபர் 22 முதல் த்ரீ-பின் எர்த். இரண்டு தரைக்கும் நடுவில் ஒரு வளையம். அதில் ஓடுவதுதான் ஹம். பழைய இண்டகிரேட்டட் டூ-பின், பவர் ஆம்புக்கும் அதுவரை எர்த் இல்லை; அதனால் வளையமே இல்லை. நவம்பர் 6ஆம் தேதி அந்த நண்பர் சொன்னபடி இன்புட்டைக் கழற்றியிருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். பிறகு கை போனதா என்று கேட்காதீர்கள்.

25 டிசம்பர்

எர்த் பின்னை வெட்டிவிட்டால் போதுமே என்று யோசனை சொன்னவருக்கு: வேண்டாம். இரும்புப் பெட்டி, உள்ளே 240 வோல்ட், ஈரமான ஊர். வளையத்தை டிவி பக்கம் உடைத்தாயிற்று. டிவியின் ஆப்டிக்கல் அவுட்டிலிருந்து ஒரு சின்ன டிஏசி (டிஜிட்டலைச் சாதாரண ஆடியோவாக மாற்றும் பெட்டி), அதிலிருந்து ஆம்ப். ஆப்டிக்கலில் போவது வெறும் வெளிச்சம், தரை கிடையாது. 900 ரூபாய்.

7 ஜனவரி 2024

மொத்தம் எவ்வளவு ஆனது என்று கேட்டிருக்கிறார்கள். ஆம்ப் 11,500. ரிலேயும் கார்டும் 430. கெப்பாசிட்டர் 2,200. இரண்டு தடவைக் கூலி 1,200. டிஏசி 900. கூட்டினால் 16,230. பட்ஜெட்டைத் தாண்டியது 1,230. வேண்டாத செலவு எது என்பது உங்களுக்கே தெரியும்.

இன்றைக்குக் கோட்டாறு போய் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. என் பழைய கெப்பாசிட்டர் இரண்டையும் மேசை டிராயரிலிருந்து எடுத்து மீட்டரில் வைத்துக் காட்டினார். ஒன்று 9,300 மைக்ரோஃபாரட், மற்றது 9,450. ‘இன்னும் பத்து வருஷம் ஓடும்லா?’ என்றார்.

கொண்டு வந்துவிட்டேன். யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள், கால் இரண்டும் நேராக்கித் தருகிறேன். காசு வேண்டாம். ஆனால் முதலில் இன்புட் கேபிளைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.